ஃபார்மட் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

"அண்ணாச்சி, ஆன் செய்தால் பாதியிலேயே அணைந்துவிடுகிறது. ஃபார்மட் அடித்துக் கொடுங்கள்." செங்கோட்டையில் என் கடைக்குப் பழைய லேப்டாப்போடு வருபவர்களில் பலர் நோயோடு மருந்தையும் சொல்லிவிடுகிறார்கள். மருந்துதான் பெரும்பாலும் தவறு. ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது.

எந்த இடத்தில் நிற்கிறது என்பதே முதல் கேள்வி. கம்பெனி லோகோ தெரியும் முன்பே அணைந்தால் விண்டோஸ் மீது பழி போடாதீர்கள். அது இன்னும் விழிக்கவே இல்லை. ரேம் என்னும் நினைவகப் பட்டை, சார்ஜர், சூடு, மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை என்றுதான் தேட வேண்டும். லோகோவைத் தாண்டி, புள்ளிகள் சுற்றும்போது நீலத் திரை வந்தால் ஹார்ட் டிஸ்க், டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), அரைகுறையாக ஏறிய அப்டேட் ஆகியவற்றின் மீது சந்தேகம் போகும். அடுத்தடுத்துத் தடுமாறினால் விண்டோஸ் 10, 11 தானாகவே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அங்கிருந்து கடைசி அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம். அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்கும் போகலாம்.

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஜூன், ஜூலையில் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த லேப்டாப்புகள் வரத் தொடங்கும். ரேமைக் கழற்றினால் பொன்னிறப் பற்களின் மேல் மங்கலாக ஒரு படலம். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'கிளிக்' என்று உட்காரும்படி பொருத்தினால் பல நேரம் அதுவே போதும். இதற்குக் காசு வாங்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் வாங்குகிறேன்.

ஹார்ட் டிஸ்க் விஷயம் அப்படி அல்ல. புனலூரிலிருந்து வந்த மிளகு வியாபாரி ஒருவரின் டிஸ்க் 'டக், டக்' என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று அவர் நாள் முழுக்க அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். தகட்டில் தடம் பிடிக்க முடியாமல் படிக்கும் முனை திரும்பத் திரும்ப அலைபாயும் சத்தம் அது. சுழல வைக்கும் ஒவ்வொரு முறையும் தகடு கீறுபடக்கூடும். கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. டேட்டா மீட்கும் நிபுணரிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் கேட்ட தொகைக்குப் புது லேப்டாப்பே வாங்கியிருக்கலாம்.

தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். சத்தமின்றித் தள்ளாடும் டிஸ்க்கானால், அதைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் வேறு கணினியோடு இணைத்து, முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுங்கள். அதற்கு முன், டிஸ்க்கில் பிழை தேடித் திருத்தும் 'செக் டிஸ்க்' ஓட்ட வேண்டாம். நலிந்த டிஸ்க்கை அது மேலும் வாட்டும். டிஸ்க்கில் பிட்லாக்கர் என்னும் விண்டோஸின் மறையாக்கப் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிப்பக்கம் உப்பியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது, சார்ஜ் போடாமல் கொண்டு வாருங்கள்.

மற்றபடி, வரும்போது சார்ஜரையும் எடுத்து வாருங்கள். 90 வாட் கேட்கும் லேப்டாப்பில் பக்கத்து வீட்டின் 45 வாட் சார்ஜரை மாட்டியிருப்பீர்கள். பேட்டரியும் செத்திருந்தால் துவங்கும்போது மின்சாரம் போதாமல் அணைந்துவிடும். என் கடைச் சார்ஜரில் அது ஒழுங்காக ஓடும், நானும் பழுது எதுவும் இல்லை என்று திருப்பித் தந்துவிடுவேன்.