கண்டிச்சீமைக் காபியைத் தின்ற தூள்

இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மேல்பக்கம் கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, அங்கங்கே வெளிறிய மஞ்சள் பொட்டு. அடிப்பக்கத்தில் அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் ஆரஞ்சு நிற மாவைப் பூசியது போல இருந்தது. சுட்டுவிரலால் தேய்த்தேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் விரலை விட்டது போல நுனி முழுக்க நிறம் ஏறிவிட்டது.

இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில் பழைய தோட்ட லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) ஒன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாகக் காத்து வைத்திருக்கிறார்கள். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அந்த மக்கள் புழங்கிய பாத்திரம் பண்டங்கள் உள்ளே இருக்கின்றன. சுற்றிலும் தேயிலை. பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வரும்போது, ஒரு வீட்டு வேலியோரம் நின்ற காபிச் செடியில்தான் அந்த இலை. அந்த லயங்களில் எங்கள் பக்கத்து மக்கள் ஏன் நிரந்தரமாகக் குடியேற நேர்ந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாதி பதில் என் விரல் நுனியில் ஒட்டியிருந்தது.

எனக்கு ஊர் தொண்டிப் பக்கம். என் அப்பத்தா கடைசிவரை இலங்கை என்று சொன்னதில்லை, கண்டிச்சீமை என்றுதான் சொல்வார். அவருக்கு முந்தைய தலைமுறைகளில் எங்கள் கரையிலிருந்து தோணி ஏறியவர்கள் ஏராளம். தொண்டியிலோ பாம்பனிலோ ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடப்பார்கள். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. அப்பத்தா சொல்வார்: "பழம் பறிக்கப் போவாக, பறிச்சு முடிஞ்சா வந்துருவாக. அப்பல்லாம் அப்படித்தான்."

அந்த 'வந்துருவாக' என்ற சொல்லை எனக்கு மறக்க முடிவதில்லை. காபி அப்படிப்பட்ட பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் கூட்டமாக ஆள் வேண்டும். ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி கூட்டிப் போவார், வேலை முடிந்தால் பெரும்பாலானவர்கள் கரை திரும்புவார்கள். ஒரு நாள் அந்தத் திரும்பிவருதல் நின்றுபோனது. ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்தப் பழத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அராபிகா காபிக்கு 15 முதல் 24 டிகிரி வெப்பம்தான் பிடிக்கும். சித்திரை மாதத்து ராத்திரியில்கூட எங்கள் ஊர் அந்த அளவுக்குக் குளிராது. மணலும் உப்புக்காற்றும் வேறு. அதனால் இந்தக் கரையில் காபி வளராது, அதைப் பறிக்கப் போன ஆட்கள்தான் வளர்ந்தார்கள்.

பழுத்த காபிப்பழம் களாப்பழம் அளவில் இருக்கும். சிவந்த தோல், அதற்குள் பிசுபிசுப்பான ஒரு படலம், அதற்குள் கெட்டியான வெளிர்நிற ஓடு, அதற்கும் உள்ளே வெள்ளிபோல மெல்லிய சவ்வு, அப்புறம்தான் முகத்துக்கு முகம் ஒட்டிக்கொண்டு இரண்டு கொட்டைகள். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாக இருக்கும், காபித்தூள் கடைக்காரர் பீபெரி என்று சொல்வது அதைத்தான். பல்பர் எந்திரத்தில் தோலை உரித்த பிறகும் பிசுபிசுப்பு போகாது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வழுக்கும். அதனால் தொட்டியில் போட்டு ஒரு நாள் அளவில் விட்டுவிடுவார்கள். இட்லி மாவு புளிப்பது போல நுண்ணுயிர்கள் வேலை செய்து, அந்தப் படலத்தைக் கட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துவிடும். ஒரு கை அள்ளித் தேய்த்துப் பார்ப்பார்கள். வழுக்காமல் கூழாங்கல் போல நறநறவென்று உரசினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. கூடுதலாக விட்டால் கொட்டையே புளித்து நாற்றம் ஏறிவிடும்.

அடுத்த வேலையை எங்கள் கரைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவாடு காயவைக்கத் தெரிந்தவருக்குக் காபி காயவைக்கவும் தெரியும். கழுவி எடுத்த கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை 11, 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் பூஞ்சை பிடிக்காமல் மூட்டையில் நிற்கும். அவசரப்பட்டுக் கொளுத்தும் வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் இறுகிப்போய் உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். தொண்டிக் கடற்கரையில் மீனைக் கிளறிக் கிளறித் திருப்பிப் போடுவது இதே காரணத்துக்குத்தான். காபிக் களத்திலும் கொட்டையை மெல்லிசாகப் பரப்பி, நாள் முழுக்கத் துழாவி, சாயங்காலம் பனி இறங்குமுன் மூடிவிட வேண்டும். கருவாட்டில் உப்பு பாதி வேலையைச் செய்துவிடுகிறது, காபிக்கு அந்த உதவி கிடையாது.

இதே மாதிரி வேலை நடந்த பழைய களத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கியூபாவுக்குப் போகலாம். அதன் தென்கிழக்கு மலைகளில் உள்ள பழைய காபித் தோட்டங்களை யுனெஸ்கோ 2000-ல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் லா இசபெலிக்கா என்ற தோட்டம் அருங்காட்சியகமாகவே இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் காய்ந்த ஓட்டை உடைக்க வட்டமான பள்ளத்தில் கனத்த சக்கரத்தை உருட்டினார்கள். நம் ஊர்ச் செக்கைப் பார்த்தவருக்கு அதை விளக்கவே வேண்டாம். அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்.

சரி, இலைக்கு வருவோம்.

அந்த ஆரஞ்சுத் தூள் காபித் துரு என்ற பூஞ்சை நோய். இலங்கையில் அது பதிவானது 1869-ல். அதே ஆண்டு பெர்க்லி, புரூம் என்ற இரண்டு இங்கிலாந்துப் பூஞ்சையியலாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். முதல் சொல்லுக்குப் பாதி வழவழப்பு என்று பொருள், இரண்டாவது சொல்லுக்கு நாசம் செய்வது. என் விரலில் ஒட்டிய தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆரஞ்சுச் சுளை போன்ற வடிவம், முதுகுப்பக்கம் முள்முள்ளாக, வயிற்றுப்பக்கம் வழவழப்பாக. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இப்படி முப்பதை வரிசையாக அடுக்கலாம்.

ஏன் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் தூள்? காபி இலைக்கு மூச்சுத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்தப் பூஞ்சைக்கு இலையின் தோலைக் கிழித்து நுழையத் தெரியாது, திறந்த வாசலைத் தேடித்தான் போகும். காற்றிலோ மழைத்துளி தெறிப்பிலோ வந்து ஒட்டிய வித்து, அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் மட்டும் முளைக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பது போதாது, நீராகவே நிற்க வேண்டும். 22, 23 டிகிரி வெப்பமும் இருந்தால் சில மணி நேரத்தில் நூல்போல ஒரு குழாய் கிளம்பி, இலையின் மேல் ஊர்ந்து, மூச்சுத்துளையைக் கண்டுபிடித்து, அதன் வாசலில் ஒரு சிறு மெத்தை போலப் பருத்து, அங்கிருந்து உள்ளே இறங்கும். இது முழுதாக முடியும்வரை இலை காயக்கூடாது. நடுவில் வெயில் வந்து சொட்டு வற்றிவிட்டால் முளைத்த வித்து அங்கேயே செத்துப்போகும்.

உள்ளே போனபின் செல்களைக் கொல்லுவதில்லை. செல்லின் சுவரைத் துளைத்துச் சிறு உறிஞ்சிகளை விட்டு, இலை தனக்காகச் சமைத்த சர்க்கரையைக் குடிக்கும். இலை உயிரோடு இருந்தால்தான் இதற்கும் வாழ்வு. சில வாரங்கள் கழித்து, எந்தத் துளை வழியாக நுழைந்ததோ அதே மாதிரித் துளைகள் வழியாகப் பூங்கொத்து போல வித்துகளை வெளியே தள்ளும். பெரும்பாலான துருப் பூஞ்சைகள் இலையின் தோலை வெடித்துக்கொண்டு வெளியே வரும், இது வாசல் வழியாகவே போய் வருகிறது. ஒரே ஒரு பொட்டு, மூன்று நான்கு மாதங்களில், 3 லட்சத்துக்கு மேல் வித்துகளை உதிர்க்கும். ஒரு இலையில் எத்தனை பொட்டு, ஒரு செடியில் எத்தனை இலை, ஒரு மலையில் எத்தனை செடி என்று பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

மலைச்சரிவுகளில் காட்டை வெட்டிவிட்டுக் காபியை மட்டும் அடுத்தடுத்து நட்டிருந்தார்கள். கலப்புக் காட்டில் ஒரு வித்து பறந்தால் அது வேறு மரத்தின் இலையில் விழுந்து வீணாகும். அங்கேயோ எங்கே விழுந்தாலும் காபி இலை. அந்தச் செடிகளும் ஏமன் வழியாக உலகெங்கும் போன ஒரு சிறு கூட்டத்தின் வாரிசுகள், கிட்டத்தட்ட ஒரே குடும்பம். ஒன்றுக்கு எதிர்ப்பில்லை என்றால் எதற்கும் இல்லை. மழையோ அந்த மலைகளில் தென்மேற்குப் பருவத்திலும் பெய்யும், வடகிழக்கிலும் பெய்யும். காபியை அங்கே செழிக்க வைத்த ஈரம், பூஞ்சைக்கும் வருடம் முழுக்கச் சொட்டு வைத்துக் காத்திருந்தது.

1880-ல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளரை இதை ஆராய இலங்கைக்கு அனுப்பினார்கள். அவருக்கு அப்போது வயது 26. வித்து காற்றில் பறக்கிறதா என்று பார்க்க, கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் தடவித் தோட்டத்தில் வைத்தார். வலை போட்டு மீன் பிடிப்பது போல வித்துகள் வந்து ஒட்டின. முளைப்பதற்கு நீர்ச்சொட்டு வேண்டும், நுழைவது மூச்சுத்துளை வழியாக என்பதையும் அவர் காட்டினார். மண்ணில் சத்து போதவில்லை என்று உரத்தைக் கொட்டிக்கொண்டிருந்த துரைமார்கள் கேட்டது மருந்து. அவரிடம் கிடைத்தது விளக்கம். அந்த விளக்கம் துல்லியமானது, ஆனால் தோட்டங்களைக் காப்பாற்றக் காலம் கடந்துவிட்டது.

இந்த நோயில் செடி உடனே சாவதில்லை, அதுதான் கொடுமை. பொட்டு விழுந்த இலைகள் உதிரும். காபி முந்தின வருடம் வளர்ந்த கொம்பில்தான் காய்க்கும் என்பதால், இலை போன செடியிலும் ஏற்கெனவே பிடித்த காய் இருக்கும். காய்க்குச் சாப்பாடு போட இலை இல்லை. கொம்பிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துக் கொடுக்கும். கொம்பு நுனியிலிருந்து கருகி வரும். அடுத்த வருடம் கொம்பும் இல்லை, காயும் இல்லை. நன்றாகக் காய்த்த செடிக்குத்தான் அடி பலமாக விழும். 1870 வாக்கில் இலங்கையிலிருந்து வருடத்துக்குச் சுமார் 10 கோடி பவுண்டு காபி கப்பலேறியது. 1889-ல் அது 50 லட்சம் பவுண்டு அளவுக்கு இறங்கிவிட்டது. பட்டுப்போன காபிக் கட்டைகளைப் பட்டை உரித்து, தேநீர் மேசைகளுக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள்.

ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டிருந்தார். காபி போன இடமெல்லாம் தேயிலை ஏறியது. அங்கேதான் எங்கள் மக்களின் வாழ்க்கை திரும்பியது. தேயிலைக்குப் பறிப்புப் பருவம் என்று தனியாகக் கிடையாது, வாரம் தவறாமல் வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். போய்த் திரும்பும் ஆள் போதாது, குடும்பத்தோடு தங்கும் ஆள் வேண்டும். லயங்கள் நிரம்பின, அங்கேயே பிள்ளைகள் பிறந்தார்கள். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு, தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. மூட்டை முடிச்சுகளோடு இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்களை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். 'பழம் பறிச்சா வந்துருவாக' என்று போனவர்களின் வாரிசுகள், நாலைந்து தலைமுறை கழித்துத் தாத்தாக்கள் தோணி ஏறிய அதே கரைக்கு வந்தார்கள். நடுவில் நடந்ததற்கு ஒரு பூஞ்சை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆட்சிகளும் சட்டங்களும் செய்தது அதிகம். ஆனால் முதல் கதவைத் திறந்தது அந்த மூச்சுத்துளைதான்.

மருந்து என்று ஒன்று பிறகு வந்தது. 1885-ல் பிரான்சில், திராட்சைக் கொடிக்கு வந்த வேறொரு நோய்க்காக மில்லார்தே என்பவர் அறிவித்த போர்டோ கலவை. மயில்துத்தம் என்ற தாமிர உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்புப் பாலோடு கலந்தால் நீல நிறத்தில் பால் போலத் திரளும். வெறும் மயில்துத்தம் இலையைப் பொசுக்கிவிடும். சுண்ணாம்பு அதன் அமிலத்தன்மையைத் தணித்து, தாமிரத்தை எளிதில் கரையாத படிவாக இலையில் ஒட்டவைக்கிறது. மழைச்சொட்டு விழும்போதெல்லாம் துளித்துளியாகத் தாமிரம் கரைந்து, முளைக்கப் பார்க்கும் வித்தைக் கொல்லும். வித்துக்கு உயிர் கொடுக்கும் அதே சொட்டுக்குள் எமனையும் வைக்கும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையை இது தொடாது. அதனால்தான் நம் மலைத்தோட்டங்களில் பருவமழைக்கு முன்பே அடித்துவிடுகிறார்கள். இந்தியாவுக்கும் 1870 வாக்கிலேயே துரு வந்துவிட்டது. சிக்மகளூர் மாவட்டத்துப் பாலேஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய காபி ஆராய்ச்சி நிலையம் துருவைத் தாங்கும் ரகங்களைத் தேடியது. அங்கிருந்து வந்த எஸ்.795 இன்றும் ஏராளமான தோட்டங்களில் நிற்கிறது. பில்டர் காபிக்குப் பிளாண்டேஷன் ஏ என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் அந்த ரகம் கலந்திருக்க நிறைய வாய்ப்புண்டு.

பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட உள்வகைகளை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரு ரகம் தாங்குகிறது என்றால் அதை வெல்லும் வகை ஒன்று எங்கேயாவது உருவாகிறது.

அந்த வேலியோரம் நின்றபோது, இலையைப் புத்தகத்துக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவர ஆசையாக இருந்தது. தொண்டியில் காபி இலை இல்லை, வித்து வந்தாலும் பிழைக்காது. ஆனால் உலர்ந்த வித்து சில வாரம் உயிரோடு இருக்கும். என் சட்டையோடு பஸ் ஏறி நான் காபி விளையும் தாண்டிக்குடிக்கோ ஏற்காட்டுக்கோ போய்விட்டால்? இலையைச் செடியடியிலேயே போட்டுவிட்டேன். தெருக்குழாயில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினேன். தங்கியிருந்த இடத்தில் சட்டையையும் துவைத்துப் போட்டேன். அந்த மலை ஈரத்தில் அது காய மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.