பத்து நாள் மண் குழைத்தால் கட்டடக்கலைஞர் ஆகிவிட முடியாது

மறுபடியும் ஒரு மண்வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கட்டி இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது. சுவரின் அடிப்பகுதி ஒரு சாண் உயரத்துக்குக் கரைந்து உள்வாங்கியிருக்கிறது, வெளிப்பூச்சு பாளம் பாளமாக உரிகிறது, வாசலோரம் நிற்கும் மூங்கில் தூணைத் தட்டினால் மாவு கொட்டுகிறது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரைக்கும். யார் வரைந்தது என்று கேட்டேன். ‘சஸ்டெயினபிள் ஆர்க்கிடெக்ட்’, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வீடு வரைகிற கட்டடக்கலைஞர், என்றார்கள். எங்கே படித்தாராம்? சுயேச்சையாக நடக்கும் ஒரு கிரீன் பில்டிங் பள்ளியில், பத்து நாள் ஒர்க்‌ஷாப். சர்டிபிகேட்டைக் காட்டினாராம், இவர்களும் நம்பிவிட்டார்கள். இப்படிப்பட்ட வீடுகள் என் மேசைக்கு வருவது அடிக்கடி நடக்கிற விஷயமாகிவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுயேச்சைப் பள்ளிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சொல்லப்போனால் அவை உருவானதற்குக் காரணமே எங்கள் கட்டடக்கலைத் தொழில்தான். முறையான கட்டடக்கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலநிலை, வெப்பம், காற்றோட்டம் எல்லாம் ஒரு பருவப் பாடத்தோடு முடிந்துவிடும், மாணவன் ஒரு செங்கல்லைக்கூடக் கையில் எடுக்காமல் பட்டம் வாங்கிவிடலாம். அந்த ஓட்டையை அடைக்க வந்தவர்கள் இவர்கள். வேல்ஸில் கைவிடப்பட்ட கற்பலகைக் குவாரி ஒன்றில் 1973இல் தொடங்கிய மாற்றுத் தொழில்நுட்ப மையம், அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1980இல் வந்த யெஸ்டர்மாரோ, 1989இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் வரைவதையும் கட்டுவதையும் பிரிக்காமல் சொல்லித்தருகிறார்கள். நம் கல்லூரிகள் கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது. என்னிடம் வேலைக்கு வரும் இளைஞர்களில் இப்படி ஒரு இடத்தில் கொஞ்ச நாள் கையை அழுக்காக்கியவர்கள் தனியாகத் தெரிவார்கள், வரைபடத்தில் ஒரு கோடு போடும்போதே அதை யார் எப்படிக் கட்டுவார் என்று யோசிப்பார்கள்.

சிக்கல் அந்தத் தாளில் இருக்கிறது. ஒரு பள்ளி தரும் சான்றிதழ் வேறு, அந்தப் படிப்புக்கான அங்கீகாரம் வேறு, தொழில் செய்வதற்கான பதிவு வேறு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது, பிரிட்டனிலும் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, இன்னும் பல நாடுகளில் அப்படித்தான். முன்னால் ‘சஸ்டெயினபிள்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சட்டம் மாறிவிடாது. பள்ளியின் புகழைப் பார்த்தும் இதை முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் 1932இல் தன் டாலியெசின் வளாகத்தில் தொடங்கிய பயிற்சிக்கூடத்தைவிடப் பெரிய பெயர் எதற்கு இருக்கிறது? அதிலிருந்து வளர்ந்த பள்ளியே அங்கீகார விதிகளுக்காகத் தாய் அமைப்பிலிருந்து பிரிய வேண்டியிருந்தது, 2020இல் அந்த வளாகத்தை விட்டே வெளியேறியது.

அப்புறம் இந்த லீட் கிரீன் அசோசியேட். லீட் என்பது கட்டடம் எவ்வளவு பசுமையானது என்று மதிப்பிடும் ஒரு அமெரிக்க முறை, இது அதற்கான ஒரு தேர்வு. மதிப்பீட்டு முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேறிவிடலாம், கட்டடம் வரையத் தெரிய வேண்டியதில்லை. அதை முடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் விசிட்டிங் கார்டில் அதை மட்டும் போட்டுக்கொண்டு வீடு கட்டித் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மண், மூங்கில், வைக்கோல் என்று இயற்கைப் பொருளில் கட்டினால் அது தானாகவே பசுமைக் கட்டடம் என்ற நம்பிக்கை. குறுகிய கால ஒர்க்‌ஷாப்புகள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் மாணவர்களின் மனதில் விதைத்து அனுப்புகின்றன. பத்து நாளில் மண் குழைக்கக் கற்றுத்தர முடியும், வெப்பக் கணக்குப் போடக் கற்றுத்தர முடியாது, அதனால் பொருளே பாடமாகிவிடுகிறது.

சிமென்ட்டைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி அளவுக்குச் சுட்டுத்தான் சிமென்ட்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கிடைக்கிறது, எரிபொருளின் புகை ஒரு பக்கம் என்றால் அந்தக் கல்லே கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, உலகத்தின் மொத்த வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட்டின் கணக்கு. ஆனால் கட்டடம் கட்டி முடித்த அன்றோடு கணக்கு முடிவதில்லை. அது ஐம்பது அறுபது வருடம் நிற்கும், அத்தனை வருடமும் உள்ளே இருப்பவர்களுக்குக் குளிரோ வெக்கையோ தாங்கும்படி இருக்க வேண்டும். சிமென்ட்டில் மிச்சம் பிடித்த கார்பனை ஏசிக்கு மின்சாரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன லாபம்?

இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கனமான சுவர் வேறு, வெப்பக் காப்புள்ள சுவர் வேறு. மண்ணும் கல்லும் கான்கிரீட்டும் வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு மெதுவாக விடும். வைக்கோலும் தக்கையும் மரநாரும் வெப்பத்தைக் கடக்கவே விடாமல் தடுக்கும். இடித்துக் கெட்டித்த மண்சுவர், அதே தடிமன் உள்ள வைக்கோல் கட்டுச் சுவரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பகலில் கொதித்து இரவில் நன்றாகக் குளிரும் வறண்ட இடத்தில் தடித்த மண்சுவர் அருமையாக வேலை செய்யும், பகல் வெப்பம் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்திருக்கும், ஜன்னலைத் திறந்துவிட்டால் இரவுக் காற்று சுவரை ஆற்றிவிடும். அதே சுவரை இரவிலும் புழுக்கம் குறையாத கடலோரத்தில் எழுப்பிப் பாருங்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை, படுக்கப் போகும் நேரம் பார்த்துத் திருப்பித் தரும். அங்கே வேண்டியது மெல்லிய சுவரும், எதிரெதிர் ஜன்னல்களும், நல்ல நிழலும்தான். கடுங்குளிர் நாட்டில் வெறும் மண்சுவர் மட்டும் எழுப்பினால் ஹீட்டர் ஓய்வே இல்லாமல் ஓடும், காப்புப் பொருளைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும். மூன்று இடத்துக்கும் ஒரே சுவரைப் பரிந்துரைக்கிறவர், மூவருக்கும் ஒரே அளவில் செருப்பு தைக்கிறவர். இதைச் சொன்னால் ‘மண் மூச்சு விடும் சார்’ என்று பதில் வருகிறது. ஈரத்தை வாங்கி விடும், உண்மைதான். அதனால் வீடு குளிர்ந்துவிடாது.

மேற்குக் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். சாயங்கால வெயில் தாழ்வாக வரும், மேலே எத்தனை அகலமாக சன்ஷேட் போட்டாலும் அதற்குக் கீழே நுழைந்துவிடும். உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும், சூடு ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. தடுக்க வேண்டுமானால் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும். நான் பார்க்கப் போன அந்த வீட்டில், வந்த சூட்டை வெளியேற்ற ஏசி, ஏசிக்கு மின்சாரம் தர கூரையில் சோலார் பேனல், அந்தப் பேனலைக் காட்டி ‘கிரீன்’ என்று பெயர்!

பூச்சு உரிந்ததற்குக் காரணம் கேட்கிறீர்களா? பச்சை மண்சுவர் மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். என்ன ஆகும் என்று எந்த அனுபவசாலி கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

இந்தப் பள்ளிகளில் சேர நினைப்பவர்களுக்கு: கட்டணம் கட்டுவதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். இந்தப் படிப்பை எந்தப் பல்கலைக்கழகமோ தொழில் கவுன்சிலோ ஏற்கிறதா, எழுத்தில் தருவார்களா? ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று மட்டும் சொன்னால் எந்த அமைப்பு என்று பெயரைக் கேட்டு, அந்த அமைப்பிடமே நேராக விசாரியுங்கள். பாடத்தில் சூரியப் பாதை, வெப்பக் கணக்கு, ஈரம், கட்டமைப்பு எவ்வளவு, மண் குழைப்பது எவ்வளவு? சொல்லித்தருபவர்கள் கட்டிய கட்டடங்கள் ஐந்து வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கின்றன, போய்ப் பார்க்கலாமா? இதற்கு முகம் சுளிக்கிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

முக்கியமாக, அவர்கள் எதையாவது அளக்கிறார்களா என்று பாருங்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் ஆட்கள் குடிபுகுந்த முதல் பாசிவ் ஹவுஸ், அதாவது மிகக் குறைந்த ஆற்றலிலேயே இதமாக இருக்கும்படி கட்டிய வீடு, பல வருடம் அளவீடு செய்து பார்த்த வீடு. இன்றும் அந்தத் தரத்துக்குச் சூடாக்கும் தேவை சதுர மீட்டருக்கு வருடம் 15 கிலோவாட்-மணி (யூனிட்) அளவுக்குள் என்று எண்ணில்தான் வரையறை, காற்றுக்கசிவைக் கட்டிய வீட்டிலேயே விசிறி வைத்துச் சோதிப்பார்கள். எல்லா ஊருக்கும் அந்த எண் பொருந்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு வெப்பமானி, ஒரு ஈரப்பதமானிகூட இல்லாத கிரீன் பில்டிங் பள்ளியில் என்ன படிப்பீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வீடு கட்டுபவர்களே, உங்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள், சரிபாருங்கள். மொட்டைமாடியில் தோட்டம் வேண்டுமானால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள், 10 சென்டிமீட்டர் ஈரமண்ணே சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டிவிடும். மூங்கிலைப் பூச்சி அரிக்காமலிருக்க போரான் கரைசலில் பதம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். மண்சுவர் என்றால் மேலே அகலமான இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு), கீழே தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை கல் அடிச்சுவர். இந்த இரண்டும் வரைபடத்தில் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப் முடித்துவிட்டு ஆர்வத்தோடு நிற்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். முதல் வீட்டை அடுத்தவர் காசில் தனியாகக் கட்டாதீர்கள். பதிவு பெற்ற ஒருவரிடம் இரண்டு மூன்று வருடம் சேர்ந்து வேலை பாருங்கள், கட்டி முடித்த வீட்டுக்கு முதல் மழைக்கும் முதல் கோடைக்கும் போய் நில்லுங்கள். எங்கள் அலுவலகங்களில் சுவருக்கு எந்தப் பூச்சு ஒட்டும் என்று தெரிந்த ஆட்கள் குறைவு, உங்களுக்கு இடம் கிடைக்கும்.