சூரை மீனைக் கேட்கிறீர்கள், கண்ணைச் சொல்வதில்லை

மருந்து தொடங்கும் நாளில் என்னிடம் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் மீனைப் பற்றியது. "மிஸ், சூரை சாப்பிடலாமா?" கொழும்பில் காசநோய்க்கு மருந்து குடித்த வீடுகளில் இந்தப் பத்தியம் தெரியாதவர்கள் குறைவு. சும்மா வந்த பத்தியமும் இல்லை. ஐஸ் போதாமல் கிடந்த சூரை, கெலவல்லா போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் ஏறிவிடும். அதை உடம்பு உடைத்து வெளியேற்றுவதை ஐசோனியசிட் என்ற காசநோய்க் குளிசை தடுக்கும். முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். இதை 1977இல் ஆய்வாக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு டொக்டர் சி. ஜி. ஊரகொட.

நான் மருந்தாளர். மார்பு நோய் கிளினிக்கில் என்னிடம் வருகிறவர்களில் ஒரு சிலருக்கு இருப்பது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற வழமையான காசநோய் மருந்துகள் இரண்டுக்கும் அடங்காத கிருமி. அவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் பரிந்துரைக்கும் ஆறு மாதக் கூட்டில் பெடாகுலின், பிரெட்டோமனிட், லினிசோலிட், மொக்சிஃப்ளொக்சசின் என்று நான்கு மருந்துகள். ஐசோனியசிட் அதில் இல்லவே இல்லை. வேறு கூட்டில் இருப்பவர்கள் உங்கள் மருந்தில் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐசோனியசிட் இல்லாதவர்களுக்கு மீனைப் பற்றி நான் சொல்வது, பழுதாகாததாகப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு விஷயம்.

செட்டியார் தெருப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் கல் பதிக்கிற ஐயா ஒருவர். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நாலாம் மாதம். தினமும் வந்து என் முன்னால் குளிசை விழுங்குவார். எப்படி ஐயா இருக்கு என்றால், "குறையில்ல மிஸ்." ஒருநாள் பேச்சுவாக்கில் பல்புகளைத் திட்டத் தொடங்கினார். இப்ப வாற பல்பில் வெளிச்சமே சரியில்லையாம். மேசை விளக்குக்கு இரண்டு தரம் மாற்றியும் சிவப்புக் கல்லெல்லாம் செங்கல் தூள் மாதிரித்தான் தெரியுதாம்.

கையில் இருந்த கார்டை வைத்துவிட்டேன். மேசையில் ஒரு சிவப்புப் பேனா கிடந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அதன் மூடியைப் பார்க்கச் சொன்னேன். காவி என்றார். மற்றக் கண்ணால் பார்த்தபோது அதைவிட மங்கல். சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மட்டும் தடங்கலில்லாமல் வாசித்தார். அவர் குடிக்கும் லினிசோலிட்டில் அப்படித்தான் நடக்கும்; எழுத்து மங்குவதற்கு முன்பே நிறம் வெளுக்கலாம்.

அன்றே டொக்டர் லினிசோலிட்டை நிறுத்திக் கண் பிரிவுக்கு அனுப்பினார். மற்ற மூன்று மருந்துகளும் தொடர்ந்தன. மெல்ல மெல்ல, மூன்று மாதத்தில் சிவப்பு திரும்பி வந்தது. இன்னும் இரண்டு பல்பு மாற்றிவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏன் இப்படி? பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த இழைமணி ஞாபகம் இருக்கிறதா? லினிசோலிட் கிருமி புரதம் செய்யும் இடத்தைப் பூட்டிவிடும். நம் கலங்களில் இருக்கும் இழைமணியின் புரதத் தொழிற்சாலையும் கிட்டத்தட்ட அதே சாயல். ஆகவே நாள் போகப் போக அதுவும் அடி வாங்கும். கண் நரம்பு, கால் நரம்பு, இரத்தம் ஊறும் எலும்பு மச்சை ஆகியவற்றில்தான் முதலில் தெரியவரும்.

கால் விஷயத்துக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமி அண்ணனைச் சொல்லலாம். பஸ்ஸில் இருந்து இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் ஒற்றைக் காலில் செருப்பு இல்லை என்று கண்டாராம். சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் திரும்பியது போல இந்த விறைப்பு லேசில் மாறாது. சிலருக்குக் காலம் முழுக்கக் கூட நிற்கும். தென்னாபிரிக்காவில் 109 பேருக்கு லினிசோலிட்டை ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுத்த ஆய்வில் 90 வீதமானோருக்கு நோய் மாறியது, 81 வீதமானோருக்கு நரம்பு பாதித்தது. அதனால்தான் இப்போது 600 மில்லிகிராம். அளவு குறைந்ததில் பாதிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

விறைப்பு என்றதும் பாமசியில் விற்றமின் பீ வாங்கிப் போடுகிறார்கள். ஐசோனியசிட்டோ, இன்னொரு காசநோய் மருந்தான சைக்ளோசெரினோ குடிப்பவர்களுக்கு பீ6 தேவைதான். லினிசோலிட் விறைப்பை அதில் நம்பி விட்டுவைக்க முடியாது. இன்னொன்று, சிங்கள டொக்டரிடம் "கால் ஒரு மாதிரி இருக்கு" என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னால் அசதி என்று எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. "ஹிரி வெட்டெனவா" என்று சொல்லுங்கள். எறும்பு ஊர்கிற மாதிரி மரத்துப்போவதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது.

தோல் கறுப்பதைப் பற்றி நிறைய அழுகை கேட்டிருக்கிறேன், குறிப்பாகக் கலியாணம் பேசும் பிள்ளைகளிடம். அது வேறு சில கூட்டுகளில் இருக்கும் குளோஃபசிமின் என்ற மருந்தின் வேலை. மருந்து முடிந்து மாதக்கணக்கில் மெதுவாக வெளுத்துவிடும், ஆபத்தில்லை. மற்றப்படி கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ ஈரலைப் பார்க்க அன்றைக்கே வர வேண்டும். குடி இருந்தால் அதை எங்களிடம் மறைக்க வேண்டாம், நாங்கள் பொலிஸ் இல்லை.

சத்திக்கு வருவோம். ஒரு தங்கச்சிக்கு இரண்டு நாளாகச் சத்தி. வீட்டுப் பக்கத்துப் பாமசி ஒன்றில் கேட்டு டொம்பெரிடோன் வாங்கிப் போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு மின்சாரத்தை மீட்டுக்கொள்ள எடுக்கும் நேரத்தைப் பெடாகுலின் நீட்டும், மொக்சிஃப்ளொக்சசினும் நீட்டும். டொம்பெரிடோன் அதே பக்கம் இழுக்கும். சத்தியால் உடம்பில் பொட்டாசியமும் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஈசிஜியில் அந்த நேரம் 500 மில்லிசெக்கன் தாண்டினால் மருந்தை நிறுத்திவைக்க வேண்டிய நிலை. அவளுக்கு அதற்குக் கிட்டப் போயிருந்தது. நல்ல காலம், வாட்டில் வைத்துச் சரி பண்ணினார்கள்.

"சத்தி எண்டு சொன்னா மருந்த நிப்பாட்டிருவீங்க எண்டு பயந்தன் மிஸ்" என்றாள். பெரும்பாலும் நாங்கள் நேரத்தை மாற்றுவோம், சாப்பாட்டோடு கொடுப்போம், இதயத்துக்குப் பாதகமில்லாத வேறு குளிசை எழுதுவோம். நிறுத்த வேண்டியது எதை, எத்தனை நாளைக்கு என்பது டொக்டர் இரத்தமும் ஈசிஜியும் பார்த்து எடுக்கும் முடிவு. வீட்டில் நீங்களாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதை விழுங்கினால் மிச்சக் கிருமி அந்த மற்றதற்கும் பழகிக்கொள்ளும்.

அந்த நாளுக்குப் பிறகு எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் விழுங்கும் எல்லாவற்றின் மட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், சளிக்கு வாங்கியது, நெஞ்செரிவுக்கு வாங்கியது, எதுவானாலும். போன கிழமை ஓர் அம்மாவின் பையில் இரும்புக் குளிசை இருந்தது. இரத்தம் குறைந்ததென்று யாரோ கொடுத்ததை மொக்சிஃப்ளொக்சசினோடு ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இப்போது கிளினிக் மருந்து காலையில், இரும்பு இரவில். அவருடைய கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் ஒரு சூரியனும் ஒரு பிறையும் கீறிக் கொடுத்திருக்கிறேன்.