என்டி ஃபில்டர்: வடிகட்டாத வடிகட்டி

நிலக்காட்சிப் படம் எடுப்பவர்களின் பையில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலும் மறுபக்கம் இருப்பது மசமசவென்றுதான் தெரியும். விளிம்பில் ‘என்டி 1000’ என்றோ ‘3.0’ என்றோ எழுதியிருக்கும். இதைத்தான் என்டி ஃபில்டர் என்கிறோம். முழுப்பெயர் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர். லென்சுக்கு முன்னால் மாட்டினால் உள்ளே போகும் ஒளி குறையும். அதனால் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கலாம். ஓடும் நீரும் நகரும் மேகமும் படத்தில் இழுபட்டு, வழுவழுவென்று பதியும். வேலை அவ்வளவுதான்.

பெயர்தான் சிக்கல். அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நடுநிலை அடர்த்தி வடிகட்டி’ என்று வரும். மூன்று சொல்லும் தனித்தனியே சரி. சேர்த்துப் படித்தால், பொருளைக் கண்ணால் பார்க்காத ஒருவருக்கு இது ஒளியைக் குறைக்கும் கண்ணாடி என்று ஊகிக்கக்கூட வழியில்லை. காரணம், இந்த மூன்று சொற்களும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை. கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கினால் எளிது.

ஃபில்டர் என்பதன் மூலம் இடைக்கால லத்தீனின் ‘ஃபில்ட்ரும்’. அதற்குப் பொருள் கம்பளியை அழுத்திச் செய்த துணி. அந்தக் காலத்தில் நீர்மங்களை அதில் ஊற்றித்தான் வடித்தார்கள். துணியின் பெயரே கருவிக்கும் செயலுக்கும் ஆகிவிட்டது. தமிழில் வடிகட்டி என்றால் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை விடுவது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மாட்டும் சிவப்புக் கண்ணாடிக்கு இது பொருத்தமான பெயர். அது சிவப்பை விடும், நீலத்தைத் தடுக்கும்; அதனால் வானம் கருத்து, மேகம் எடுப்பாகத் தெரியும். உண்மையிலேயே தரம் பிரிக்கிறது. என்டி கண்ணாடி எதையும் பிரிப்பதில்லை. எல்லா நிறத்திலும் ஒரே விகிதத்தில் கொஞ்சம் விடுகிறது, மீதியை நிறுத்துகிறது. பார்க்கப் போனால், வடிகட்டாமல் இருப்பதுதான் இந்த வடிகட்டியின் சிறப்பே. ஆகவே தமிழ்ப் பெயரில் ‘வடிகட்டி’ இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

அடுத்தது நியூட்ரல். லத்தீனில் ‘இரண்டில் எதுவும் அல்லாத’ என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. நிறத்தைப் பற்றிப் பேசும்போது, சிவப்பின் பக்கமும் சாயாமல் நீலத்தின் பக்கமும் சாயாமல் இருப்பது. அதாவது சுத்தமான சாம்பல். ‘நடுநிலை’ என்ற மொழிபெயர்ப்பு தவறில்லை. ஆனால் எதில் நடுநிலை என்று அது சொல்லவில்லை. ஆங்கிலத்திலும் சொல்லவில்லைதான், தொழிலில் புழங்குபவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த நடுநிலை எவ்வளவு கஷ்டமானது என்பது கண்ணாடி கருக்கக் கருக்கத்தான் தெரியும். இரண்டு மடங்கோ நாலு மடங்கோ குறைக்கும் மெல்லிய கண்ணாடியில் சிறு சாய்வு இருந்தாலும் கண்ணுக்குப் படாது. ஆயிரம் மடங்கு குறைக்கும்போது கதையே வேறு. சாயம் கலந்த பழைய வகைக் கண்ணாடிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அந்த அளவுக்குத் தடுக்காது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் தகடு ஒன்று உண்டு என்றாலும், அது முழுவதையும் தடுப்பதில்லை. சாதாரணப் படத்தில் கசியும் அந்தத் துளி அகச்சிவப்பு ஒரு பொருட்டே அல்ல. மற்ற ஒளியெல்லாம் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிய பிறகு அந்தத் துளியே பெரிதாகிவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய பாறை செம்பழுப்பாக வரும். இலை தழைகள் ஒரு விசித்திர நிறம் காட்டும். படம் முழுக்க நிறச்சாய்வைச் சரிசெய்யும் வொயிட் பேலன்சைத் திருத்தினாலும் இது முழுதாகப் போகாது. ஏனென்றால் படம் முழுக்க ஒரே அளவில் சாய்ந்திருக்காது, அகச்சிவப்பை அதிகம் திருப்பியனுப்பும் பொருளில்தான் அதிகம் தெரியும். இப்போது வரும் நல்ல கண்ணாடிகளில் சாயத்துக்குப் பதிலாக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. அது அகச்சிவப்பையும் சேர்த்தே நிறுத்துகிறது. அதிலும் லேசான நீலமோ மஞ்சளோ தட்டும். அது சீரான சாய்வு என்பதால், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பில் ஒரு நிமிட வேலை.

இனி டென்சிட்டி. சொல்லின் சுவாரசியமான கதை இங்கேதான் இருக்கிறது. ஒளி எவ்வளவு குறைகிறது என்ற அளவுக்கு ‘அடர்த்தி’ என்று எதற்குப் பெயர்? ஃபெர்டினான்ட் ஹர்ட்டர், வேரோ சார்ல்ஸ் ட்ரிஃபீல்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் ரசாயனத் தொழிற்சாலை வேலையில் இருந்தவர்கள். ஒளிப்படம் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. ஒளி பட்ட இடத்தில் வெள்ளி படிந்து நெகட்டிவ் எவ்வளவு கருக்கும் என்பதைக் கைப்பழக்கத்துக்கு விடாமல் கணக்கில் கொண்டுவரப் பார்த்தார்கள். 1890-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் சொன்னது இது: ஒரு நெகட்டிவில் விழும் ஒளியை, அதைத் தாண்டி வரும் ஒளியால் வகுத்தால் கிடைப்பது ஒளிபுகாமை. அந்த எண்ணின் மடக்கையை (லாகரிதம்) எடுத்தால், அது அந்த இடத்தில் படிந்திருக்கும் வெள்ளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வெள்ளி எவ்வளவு அடர்ந்து படிந்திருக்கிறது என்பதைக் காட்டுவதால் அந்த மடக்கைக்கு டென்சிட்டி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வெள்ளிக்கு வைத்தது. ஒளியின் அளவுக்கு நிலைத்துவிட்டது. இன்றைய என்டி கண்ணாடியில் வெள்ளிப் படிவம் எதுவும் இல்லை, பெயர் மட்டும் தொடர்கிறது.

இதனால்தான் ‘அடர்த்தி’ என்று மட்டும் எழுதினால் தமிழில் படிப்பவர் தடுமாறுகிறார். பள்ளியில் அடர்த்தி என்றால் நிறையைக் கன அளவால் வகுப்பது. போதாக்குறைக்கு, ஒளியியல் பாடத்தில் ‘அடர்மிகு ஊடகம்’ என்று வேறு ஒன்று வரும். அது ஒளிவிலகலைப் பற்றியது. வைரம் அடர்மிகு ஊடகம், ஆனால் பளிங்குபோல் ஒளியை விடும். என்டி கண்ணாடியின் அடர்த்தி இந்த இரண்டும் இல்லை. அது எவ்வளவு மறைக்கிறது என்பதற்கான கணக்கு. (சங்கத் தமிழில் ‘அடர்’ என்றால் உலோகத் தகடு என்றும் ஒரு பொருள் உண்டு; பொற்றகட்டால் செய்த தாமரையை ‘அடர் தாமரை’ என்றிருக்கிறார்கள். நம் கண்ணாடியும் ஒரு தகடுதானே என்று இழுத்து வரலாம், ஆனால் அது சொல்விளையாட்டு. டென்சிட்டிக்கும் அதற்கும் உறவு கிடையாது.)

மடக்கை என்றதும் பயப்பட வேண்டாம். கடையில் கண்ணாடி வாங்கும்போது அது நேரடியாகக் கண்முன் வந்து நிற்கும். 2-இன் மடக்கை 0.301. அதனால் ஒளியைப் பாதியாக்கும் கண்ணாடியின் அடர்த்தி 0.3. கால் பங்காக்குவது 0.6, அரைக்கால் பங்காக்குவது 0.9. சினிமா ஒளிப்பதிவாளர்கள் ‘பாயின்ட் த்ரீ, பாயின்ட் சிக்ஸ், பாயின்ட் நைன்’ என்று சொல்வது இதைத்தான். ஆயிரத்தில் ஒரு பங்காக்குவது 3.0. நிலக்காட்சிக்காரர்கள் வலுவான என்டி என்று சொல்வது பெரும்பாலும் 1.8-இலிருந்து 3.0 வரை, அதற்கு மேலும் உண்டு. வேறு சில நிறுவனங்கள் மடக்கையை விட்டுவிட்டு எத்தனை மடங்கு குறைகிறது என்றே பொறிக்கும்: என்டி 2, என்டி 8, என்டி 64, என்டி 1000. மூன்றாவது வழி ஸ்டாப் கணக்கு; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி ஒருமுறை பாதியாவது. ஆக, ஒரே கண்ணாடிக்கு 0.9 என்றும், என்டி 8 என்றும், 3 ஸ்டாப் என்றும் மூன்று பெயர். குழப்பம் வருவது இங்கேதான். ஆய்வகக் கருவி விற்பவரிடம் ‘என்டி 3’ என்றால் அடர்த்தி 3.0, ஆயிரம் மடங்கு. படக்காரர் காதில் அது 3 ஸ்டாப், எட்டு மடங்கு என்று விழக்கூடும். வாங்குமுன் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மடக்கையால் ஒரு லாபம், இரண்டு கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று மாட்டினால் அடர்த்தியைக் கூட்டினால் போதும். 0.9-உம் 1.8-உம் சேர்ந்தால் 2.7. மடங்குக் கணக்கில் 8-ஐ 64-ஆல் பெருக்கி 512 என்று வர வேண்டும். ஸ்டாப்பில் 3-உம் 6-உம் 9.

ஸ்டாப் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு. பழைய லென்சுகளில் துளையிட்ட உலோகத் தகட்டைச் செருகி ஒளியைக் கட்டுப்படுத்துவார்கள். ஒளியை நிறுத்துவதால் தகட்டுக்கு ஸ்டாப் என்று பெயர். 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் முன்வைத்த இந்தத் தகடுகள் இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகின்றன. ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குப் போனால் ஒளி பாதியாகும் என்ற வழக்கம் நிலைபெற்ற பிறகு, தகடு மறைந்து அளவு மட்டும் மிஞ்சியது. தமிழில் இதற்குப் ‘படி’ என்பது அழகாகப் பொருந்தும். ஏறினால் இரண்டு மடங்கு, இறங்கினால் பாதி. பத்துப் படி இறங்கினால் 1024-இல் ஒரு பங்கு. என்டி 1000 என்று வட்டமாகச் சொல்வது இதைத்தான்.

சரி, ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம் யாருக்கு வேண்டும்? நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்சின் துளை எஃப்/16 என்று வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 நொடி கேட்கும். அந்த நேரத்தில் அருவி உறைந்த பனிபோல்தான் பதியும். ஐஎஸ்ஓவை இதற்குமேல் பெரிதாக இறக்க முடியாது. துளையை இன்னும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படத்தின் கூர்மை போகும். மிச்சமிருக்கும் ஒரே வழி வெளியிலேயே ஒளியைக் குறைப்பது. ஆறு படிக் கண்ணாடி மாட்டினால் 1/100 நொடி முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக நீளும். பத்துப் படி மாட்டினால் 10 நொடி. இதே பத்துப் படி, மங்கிய மாலையில் 1/4 நொடி இருந்த இடத்தில், 4 நிமிடத்துக்கு மேல் போகும்.

ஒளிப்படத்தின் தொடக்க காலத்தில் இந்தக் கண்ணாடிக்கு வேலையே இருந்திருக்காது. 1838-இல் ஒளிப்பட முன்னோடி டகேர் பாரிஸ் வீதி ஒன்றை எடுத்தபோது தகட்டுக்குப் பல நிமிடம் ஒளி தேவைப்பட்டது. வண்டியும் கூட்டமுமாக இருந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. செருப்புக்குப் பாலீஷ் போடுவதற்காக அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்திருக்கிறார். அன்று வேறு வழியில்லாமல் நடந்ததை இன்று காசு கொடுத்துக் கண்ணாடி வாங்கி வரவழைக்கிறோம்.

லாங் எக்ஸ்போஷர் என்பதற்கு ‘நெடுநேர ஒளியேற்பு’ என்று எழுதலாம். எக்ஸ்போஷர் என்றால் ஒளிக்குத் திறந்து காட்டுவது. ‘வெளிப்பாடு’ என்று சிலர் எழுதுவதில் ஒளியே இல்லை. இதே வரிசையில் ‘பல்ப்’ என்ற நிலையும் வரும். பெரும்பாலான கேமராக்களில் 30 நொடிக்கு மேல் வேண்டுமென்றால் இதற்குத்தான் மாற்ற வேண்டும். விளக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஷட்டரைக் காற்றடைத்த ரப்பர் குமிழை அழுத்தி இயக்குவார்கள். அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். அந்தக் குமிழ்தான் பல்ப்.

பயன்படுத்தும்போது வரிசை முக்கியம். ட்ரைபாட்டில் நிறுத்தி, சட்டகம் அமைத்து, ஃபோகஸ் பிடித்து, உடனே ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட வேண்டும். கண்ணாடியில்லாமல் ஒரு படம் எடுத்துச் சரியான ஷட்டர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் கண்ணாடியை மாட்டுவது. மாட்டிய பிறகு பல கேமராக்களுக்கு ஃபோகஸ் பிடிக்க வெளிச்சம் போதாது. திருகும்போது லென்சின் ஃபோகஸ் வளையத்தில் விரல் பட்டு நகர்ந்துவிடவும் கூடும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாக லென்சின் காட்சியையே நேராகக் காட்டும் டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால், அந்த வ்யூஃபைண்டரை மூடிவிடுங்கள். பின்பக்கமிருந்து நுழையும் வெளிச்சம் 1/100 நொடியில் தெரியாது, நாலு நிமிடத்தில் படத்தின் நடுவே வெளிறிய பட்டையாக வந்து நிற்கும். ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: ஒரு நொடியைத் தாண்டினால் ஃபிலிமின் உணர்திறன் தளரும், கணக்கில் வந்த நேரத்தைவிடக் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும். டிஜிட்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எந்த வலுவை வாங்குவது என்று கேட்டால், கடலலைக்குப் பத்துப் படி வேண்டாம் என்பேன். அலை பின்வாங்கும்போது மணலில் நீர் இழுத்துச் செல்லும் கோடுகள் அரை நொடி, ஒரு நொடியில்தான் கிடைக்கும். அதற்கு ஆறு படியே போதும். முப்பது நொடி விட்டால் கடல் வெறும் பால்மூட்டமாகிவிடும், எந்தக் கடலானாலும் ஒன்றுபோலவே இருக்கும். பத்துப் படி மேகத்துக்கு. அதுவும் காற்று இருக்கிற நாளில், மேகங்களுக்கு நடுவே நீலம் தெரிகிற வானத்தில். மூடிய வானத்தில் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஒரே சாம்பல்தான்.

இனித் தமிழ்ப் பெயர். இந்தக் கருவியின் இயல்பு இரண்டு: ஒளியைக் குறைக்கும், நிறத்தைத் தொடாது. ‘நிறம்மாறா ஒளிகுறைப்பி’ என்பது இரண்டையும் சொல்லிவிடுகிறது. முதல்முறை அப்படி எழுதிவிட்டு, பின்னர் ‘ஒளிகுறைப்பி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். அளவையும் சேர்த்துப் ‘பத்துப் படி ஒளிகுறைப்பி’ என்றால் மூன்று கணக்கின் குழப்பமும் இல்லை. மேல் பாதி கருத்துக் கீழ்ப் பாதி தெளிந்திருப்பது சரிவு ஒளிகுறைப்பி. திருகினால் அளவு மாறுவது மாறு ஒளிகுறைப்பி. அதில் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், அகன்ற கோண லென்சில் முழுக்கத் திருகினால் வானத்தில் பெருக்கல் குறி போட்டதுபோல் கருநிழல் விழும். பேச்சில் என்டி ஃபில்டர் என்பதே நிற்கும், நிற்கட்டும்.

ஒன்று மட்டும் பெயரிலேயே பிரித்து வைக்க வேண்டும். சூரியனைப் பார்க்கவும் கிரகணம் எடுக்கவும் உள்ள கண்ணாடி வேறு. கண்ணால் பார்ப்பதற்கான சூரியக் கண்ணாடியின் அடர்த்தி 5 அளவில் இருக்கும், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு ஒளி. அகச்சிவப்பையும் புற ஊதாவையும் சேர்த்துத் தடுக்கும்படி செய்யப்பட்டது. பத்துப் படி ஒளிகுறைப்பி அதைவிட நூறு மடங்கு ஒளியை விடும், சாய வகையானால் அகச்சிவப்பும் தாராளமாக வரும். இரண்டையும் ‘கறுப்புக் கண்ணாடி’ என்று ஒரே பெயரில் அழைத்து, ஒளிகுறைப்பி மாட்டிய டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டர் வழியாக உச்சி வெயிலில் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.