மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்து மூன்று நான்கு நாள் ஆனதும், கழுத்தில் துளசி மாலையோடு ஒருவராவது எங்கள் மனநல வார்டுக்கு வந்துவிடுவார். மாலை போட்ட காலையோடு குடியை விட்டவர். கூட வரும் மச்சான் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "நல்லாத்தான் சார் இருந்தாரு. நேத்து ராத்திரியிலிருந்து சாமி வந்த மாதிரி பேசுறாரு." விரதத்தில் குற்றம் நேர்ந்துவிட்டதோ என்று பயந்து குருசாமியைப் பார்த்துவிட்டு இங்கே வருவதற்குள் ஒரு இரவு வீணாகியிருக்கும்.

இது சாமியும் இல்லை, பேயும் இல்லை. மது மூளைக்கு பிரேக் போடுகிறது. தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்ட ஆக்ஸிலரேட்டரை முறுக்கியே பழகிவிடும். திடீரென்று பிரேக்கை மட்டும் எடுத்தால்? முதலில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம். இந்தக் கட்டத்தில் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

குழம்பியவர்கள் பலர் தங்கள் தொழிலையே செய்துகொண்டிருப்பார்கள். ஒரு கொத்தனார் கட்டிலில் உட்கார்ந்தபடி வெறுங்கையால் சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டே, "கலவை கொண்டாடி" என்று மனைவியை அதட்டினார். மனைவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓட்டுநர் என்றால் கியர் மாற்றுவார். விபத்தில் கால் முறிந்து எலும்பு வார்டில் படுத்திருப்பவருக்கும் மூன்றாம் நாள் இதே கதை நடக்கும். அவர் குடிப்பதை வீட்டார் மறைத்திருப்பார்கள்.

"ஒரு குளுக்கோஸ் போட்டு விடுங்க, தெளிஞ்சிடுவாரு" என்பது அடுத்த வேண்டுகோள். குடிநோயாளிகளுக்கு உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வற்றிக் கிடக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, சிலருக்கு நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும் ஆபத்து உண்டு. முதலில் தயமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரைகளை மருத்துவர் கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கும் சமாச்சாரம் அல்ல இது.

ஆனால் இந்த அளவுக்கான சிகிச்சைக்குக்கூட வருபவர்கள் குறைவு. 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேரில் ஒருவர்தான். மீதிப் பேரில் எத்தனையோ பேரைக் கோயில் கயிறும், அறைக்குள் பூட்டுவதும், 'சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும்' மருந்தும் பிடித்து வைத்திருக்கின்றன.

அந்தக் கடைசி வகையை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். குடிநிறுத்தத்துக்குப் பயன்படும் டைசல்பிராம் நல்ல மருந்துதான், ஆனால் தெரிந்து விழுங்குபவருக்கு. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் அப்படியே விழுந்துவிடலாம். குழம்பில் கலந்து கொடுத்த மனைவி இதை மருத்துவரிடம் சொல்லவும் பயப்படுவார்.

சரி, மாலை போட ஆசையா? ஒரு வாரம் முன்பே வாருங்கள். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். விரதத்தில் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த குருசாமிகள் யாரும் மறுத்ததில்லை. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். வலிப்போ உளறலோ தொடங்கிவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு 108இல் ஏற்றுங்கள்.