பாளத்தைத் தூக்குமுன் சலைன்

தொடை மேல் கான்கிரீட் பாளம். சிக்கியவர் நல்ல நினைவோடு இருக்கிறார். பெயர் சொல்கிறார், தண்ணீர் கேட்கிறார். ஆறு மணி நேரம் போராடிப் பாளத்தைத் தூக்கி, ஆளை வெளியே எடுக்கிறார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த சில நிமிடங்களில் இதயம் நின்றுபோகிறது. அதுவரை அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பாளம்தான்.

உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் பெரும்பங்கு தசைக்குள் இருக்கிறது. தசை நசுங்கினால் அது வெளியே கசியும். பாளம் அழுத்தும்வரை அங்கே ரத்த ஓட்டம் இல்லாததால் கசிந்தது அப்படியே தேங்கி நிற்கும். பாளம் விலகியதும் ரத்தம் பாய்ந்து அதை மொத்தமாக இதயத்துக்கு அள்ளி வருகிறது. அளவு மீறிய பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். அதே நேரத்தில் ரத்தத்திலிருக்கும் நீர் வீங்கும் தசைக்குள் இறங்க, ரத்த அழுத்தம் சரிகிறது. இதில் தப்பியவரின் சிறுநீரகக் குழாய்களைத் தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் அடைக்கிறது. சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் இறங்கும், பிறகு நின்றே போகும். 1941-இல், லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கியவர்களிடம் இதைக் கவனித்து எழுதினார்கள் பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள்.

ஆகவே வைத்தியம் இடிபாட்டுக்குள்ளேயே தொடங்க வேண்டும். ஒரு கை வெளியே தெரிந்தால் போதும், சலைன் ஏற்றும் ஊசிக்குழாயான கேனுலாவைப் போட்டுவிடலாம். பெரியவர்களுக்கு நார்மல் சலைன் மணிக்கு 1 லிட்டர். குழந்தைக்கு மணிக்கு, எடையில் கிலோவுக்கு 15 முதல் 20 மி.லி. மீட்பு 2 மணி நேரத்தைத் தாண்டினால் வேகத்தைப் பாதியாக்க வேண்டும். அவசரத்தில் கைக்குக் கிடைப்பது ரிங்கர் லாக்டேட் என்ற வேறொரு டிரிப் திரவமாகவே இருக்கும். அதைத் தொங்கவிடக் கூடாது. அதில் லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது.

வெளியே எடுத்ததும் ஈசிஜி. அதில் டி அலை கூர்ந்து நின்றால் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று பொருள்; ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. மெதுவாக; தொடர்ந்து 10 யூனிட் இன்சுலினும் 25 கிராம் குளுக்கோஸும். கால்சியம் இதயத்துக்கு அரை மணி, ஒரு மணி நேரக் காவல் தரும், அவ்வளவே, பொட்டாசியத்தைக் குறைக்காது. பைகார்பனேட் ஓடும் அதே டியூபில் கால்சியத்தைக் கொடுத்தால் படிந்து அடைத்துக்கொள்ளும்.

அடுத்து, சிறுநீர் இறங்குகிறதா என்று அதைச் சேர்க்கும் பையில் பார்க்க வேண்டும். 6 மணி நேரத்தில் 3 முதல் 6 லிட்டர் சலைன் போயும் சிறுநீர் வரவில்லை என்றால் சலைனை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். எவ்வளவு ஏறியது, எத்தனை மணிக்கு மீட்கப்பட்டார் என்பதைப் பிளாஸ்திரியில் எழுதி நெஞ்சில் ஒட்டுவது நல்லது. காகிதம் ஆம்புலன்ஸோடு போய்விடும்.

வீங்கிய காலைக் கண்டதும் கத்தி எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தோலையும் தசையுறையையும் கீறினால் அழுத்தம் குறையும், ஆனால் திறந்த புண்ணில் கிருமி புகுந்து அதுவே உயிரைக் குடிக்கும். தசையுறைக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று உறுதியானால் மட்டுமே கீற வேண்டும்.

இனி ஆட்களை எங்கே அனுப்புவது? நடக்கக்கூடியவர்கள்தான் முதலில் வந்து அருகிலுள்ள ஆஸ்பத்திரியை நிரப்பிவிடுவார்கள். நசுங்கியவர்கள் பல மணி கழித்து வரும்போது படுக்கை இருக்காது. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தார்கள். வெளிநாட்டு உதவி வந்தும் அதை முறையாகப் பங்கிட ஏற்பாடு இல்லை. அந்தப் பாடத்திலிருந்தே சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் இதற்கென ஒரு பேரிடர்க் குழுவை அமைத்தது. 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியின் மர்மரா பகுதி குலுங்கியபோது அந்தக் குழு உதவிக்கு வந்தது. சிறுநீரகம் பாதித்த 639 பேர் 35 ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்றார்கள். 477 பேருக்கு டயாலிசிஸ் நடந்தது. இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம்.

இவர்களில் சிலருக்கு ஒரே நாளில் இரண்டு முறைகூட டயாலிசிஸ் வேண்டியிருக்கும். 4 மணி நேரச் சுற்று ஒன்றுக்குச் சுத்திகரித்த தண்ணீர் சுமார் 120 லிட்டர். ஊரின் குழாய்கள் உடைந்து கிடக்கும்போது 10 பேருக்கு ஒரு சுற்று நடத்தவே 1,200 லிட்டர். ஆர்ஓ கருவி கழித்துத் தள்ளும் நீர் தனிக்கணக்கு. டயாலிசிஸ் மெஷினை லாரியில் ஏற்றுமுன், அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை டேங்கர் போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.