பிபி மாத்திரையா கிட்னியைக் கெடுத்தது?

போன வாரம் சரக்கு ஆட்டோ ஓட்டும் ஒருவர் வந்தார். வயது 46. கால் வீக்கம், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். ரத்த அழுத்தம் 200/120. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு; 1.2-க்குள் இருக்க வேண்டிய அது 8-ஐத் தாண்டியிருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. பிபி இருப்பது நாலு வருடமாகவே அவருக்குத் தெரியும். இரண்டு மாதம் மாத்திரை போட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஏன் என்றேன்.

"தொடர்ந்து போட்டா கிட்னி போயிடும்னு சொன்னாங்க சார்."

இந்த மாதத்தில் இதே பேச்சைக் கேட்பது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். டயாலிசிஸுக்கு வரும் யாரைக் கேட்டாலும் பிபி மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருப்பார். பார்க்கிற சொந்தக்காரர்கள் பழியை மாத்திரை மேல் போட்டுவிடுகிறார்கள். மழையில் போகிறவர்கள் கையில் எல்லாம் குடை இருக்கிறது, ஆகவே மழையைக் கொண்டுவந்ததே குடைதான் என்பது போல. சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களை வருடக் கணக்கில் இடித்துக் கெடுப்பது அழுத்தம். மாத்திரை அதைக் குறைக்கிறது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. டெல்மிசார்டான், எனலாப்ரில் மாதிரி பிபி மருந்துகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தை மருந்து இறக்குவதன் விளைவு அது. 30 சதவீதத்துக்குள் ஏறினால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமல் கவனித்து வருவோம். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறவர்களுக்கு வருடக் கணக்கில் சிறுநீரகத்தைக் காப்பதும் இதே மருந்துகள்தான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள், தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். அதை முடிவு செய்ய வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

"பிபி நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்கிறவர்களுக்கு: நார்மல் ஆனதே மாத்திரையால்தான், ஐயா.

"கிரியாட்டினின் சரியா இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்களும் கொஞ்சம் கேளுங்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுகூட அந்த எண் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சிறுநீர்தான். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்க அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று ஒரு சோதனை இருக்கிறது. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். பிபி உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். வலிக்காது, பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

உண்மையில் கிட்னியைக் கெடுக்கிற மாத்திரை வேறு. மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்குகிறீர்களே, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அதுதான். அதற்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை! ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறையுங்கள். ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஒரு டீஸ்பூனுக்குள் நிற்கட்டும்.

மாத்திரை வாங்க நேரமில்லை என்பதும் இனி செல்லாது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அப்புறம், டாக்டரைப் பார்க்க வரும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். "வெள்ளையா, வட்டமா இருக்கும் சார்" என்றால் நான் என்ன செய்வேன்? என் மேசையில் இருக்கிற பாதி மாத்திரை வெள்ளையாக, வட்டமாகத்தான் இருக்கிறது.